ஊரும் திரையும் – 17: சோழனுக்காக உருகிய பாண்டிய நாடு

சென்ற வாரம் ‘கலை அரசி’யைப் பார்த்தோம். 1963-ல் வந்த அந்தப் படத்தில் பானுமதியை வேற்றுக்கிரகத்துக்காரர்கள் தூக்கிப் போனார்கள், எம்.ஜி.ஆர். போய் மீட்டு வந்தார். கொட்டகையை விட்டு வெளியே வந்தவர்களுக்கு மனசில் ஒரு கேள்வியும் மிஞ்சியிருக்காது. இந்த வாரத்துப் படம் அப்படியல்ல. பதினைந்து வருஷம் தாண்டியும் அதன் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’. கறாராகப் பார்த்தால் இது அறிவியல் புனைவு ஆகாது, மாயமும் சரித்திரமும் கலந்த கற்பனை. ஆனாலும் வெளிநாட்டில் ‘பிளேடு ரன்னர்’, ‘டானி டார்கோ’ ரசிகர்கள் வருஷக்கணக்காகச் செய்துவரும் முடிச்சவிழ்க்கும் வேலையைத் தமிழில் செய்யவைத்தது இந்தப் படம்தான்.

இதைப் பற்றிப் பாண்டிய நாட்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பேச்செடுத்துப் பாருங்கள். ரெண்டாவது டீ வருவதற்குள் கட்சி பிரிந்துவிடும். காரணம் கதையிலேயே இருக்கிறது. 1279-ல் பாண்டியர் படை நெருங்குகிறது. சோழ அரசன் தன் வாரிசையும் குடிமக்களையும் கண்காணாத தீவுக்கு அனுப்புகிறான், கூடவே பாண்டியரின் குலதெய்வச் சிலையையும். எழுநூறு வருஷத்துக்கும் மேலான காலம் கழித்து, காணாமல் போன தொல்லியல் அறிஞரைத் தேடி ஒரு கூட்டம் அங்கே போகிறது. அதை நடத்திச் செல்லும் அனிதா, பாண்டிய வம்சத்தவள். குகைக்குள் பட்டினியில் கருத்து, பழந்தமிழ் பேசிக்கொண்டு, தஞ்சைக்கு அழைத்துப்போகத் தூதன் வருவான் என்று காத்திருக்கும் சோழக் கூட்டத்தை அவள் அழிக்கிறாள்.

வருஷத்தை இயக்குநர் போகிறபோக்கில் போடவில்லை. மூன்றாம் ராஜேந்திரனை மாறவர்மன் குலசேகர பாண்டியன் வென்றது 1279-ல்தான். அதற்குப் பிறகு சோழ அரசைப் பற்றிக் கல்வெட்டுகளில் பேச்சே இல்லை. சரித்திரம் விட்ட அந்த ஓட்டை வழியாகத்தான் படம் உள்ளே நுழைகிறது.

இனி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் நிலைமையை யோசியுங்கள். பாண்டியன் வல்லபதேவன் சபையில் பெரியாழ்வார் பொற்கிழி வென்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர். அந்தப் பொன்னில்தான் கோபுரம் எழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் இருட்டில் உட்கார்ந்து, பாண்டியர் கையால் சாகும் சோழனுக்காகக் கண் கலங்குகிறார். ‘தாய் தின்ற மண்ணே’ பாட்டு வரும்போது தஞ்சாவூர்க்காரரே இவ்வளவு உருகியிருப்பாரா, சந்தேகம்தான். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் ஒருவர் கேட்டது இது: “ஏன் அண்ணாச்சி, சாமி சிலையக் கொண்டுபோனது யாரு? சோழன்தான? அதக் கேக்கப் போன பிள்ளைய வில்லியாக்கிட்டீகளே!” பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. “கேக்கப் போனவ குடிக்கிற தண்ணியில எதுக்குய்யா வெஷத்தக் கலக்கா?”

படம் வந்த புதிதில் இந்தப் பேச்செல்லாம் கிடையாது. முதல் பாதி நன்றாக ஓடுகிறது, கடல், பாம்பு, புதைமணல் என்று சாகசம். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகன் முத்துவாக வரும் கார்த்தி ஓரமாகப் போய்விடுகிறார், அரசனாக வரும் பார்த்திபன் படத்தைப் பிடுங்கிக்கொள்கிறார். வசனம் பாதிப் பேருக்குப் புரியவில்லை. பொங்கல் கூட்டத்துக்கு இது தோதுப்படவில்லை, விமர்சனமும் ரெண்டுபட்டது. 32 கோடி ரூபாய்ப் படம் என்று செய்தி வேறு பரப்பியிருந்தார்கள். செலவு உண்மையில் 18 கோடிதான், பரபரப்புக்காக ஏற்றிச் சொன்னது முட்டாள்தனம் என்று 2021-ல் செல்வராகவனே எழுதினார். தெலுங்கில் ‘யுகானிக்கி ஒக்கடு’ என்ற பெயரில் போனபோது வரவேற்பு இதைவிட நன்றாக இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் நிறைந்த ராஜபாளையத்துக்கு, ஆக, ரெண்டு வழியிலும் இந்தப் படம் சொந்தம்.

படத்தைக் காப்பாற்றியது டிவிதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கொட்டகையில் ஒருமுறை பார்த்துக் குழம்பியவர் வீட்டில் நாலாம் தடவை பார்க்கையில் கவனிக்க ஆரம்பிக்கிறார். நடராஜர் உருவத்தில் விழும் நிழலின் மேலேயே ஓடிப் புதைமணலைக் கடக்கிறார்களே, அந்த நிழல் எந்த வேளையில் விழும்? முத்துதான் தூதன் என்று அரசனுக்கு எப்போது உறைத்தது? அனிதாவின் சக்தி எங்கிருந்து வந்தது? படம் வாய் திறப்பதில்லை. பார்ப்பவர்கள்தான் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு இது தோதான சமாச்சாரம், எத்தனை நாள் பேசினாலும் தீராது. 2021 டிசம்பர் 31-ல் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, 2010-ல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் வசனத்தைக் கூடவே சொன்னார்கள்.

இப்படி நடப்பது புதிதல்ல. 1982-ல் ‘பிளேடு ரன்னர்’ வந்தபோது, ஜனங்களுக்குப் புரியாது என்று பயந்த ஸ்டூடியோ, ஹாரிசன் ஃபோர்டை விளக்கம் பேசவைத்து, சுபமான முடிவையும் ஒட்டியது. அப்படியும் ஓடவில்லை. 1992-ல் ரெண்டையும் வெட்டியெறிந்த பிரதி வந்த பிறகுதான் அதன் மதிப்பு ஏறியது. நாயகன் மனிதனா, செயற்கை மனிதனா என்ற சண்டையும் அதோடு சூடுபிடித்தது. இயக்குநர் ரிட்லி ஸ்காட் ஒன்று சொல்ல, நடித்தவர் வேறொன்று சொன்னார்.

‘டானி டார்கோ’ கதை அதற்குத் தலைகீழ். 2001 அக்டோபரில் வந்தது. வானத்திலிருந்து விமான எஞ்சின் வீட்டு மேல் விழும் படம். நியூயார்க் கோபுரங்கள் சரிந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை, யார் போவார்கள்? டிவிடியில்தான் பிழைத்தது. 2004-ல் இயக்குநர் ரிச்சர்ட் கெல்லி, காலப்பயண விதிகளைப் பக்கம் பக்கமாகத் திரையில் காட்டும் நீண்ட பிரதியைக் கொண்டுவந்தார். பழைய ரசிகர்களில் பலருக்கு அது ருசிக்கவில்லை. விடையைக் கையில் கொடுத்த பிறகு தேடுவதற்கு என்ன இருக்கிறது?

அதனால்தான் ‘ஆயிரத்தில் ஒருவன் 2’ என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம். 2021 புத்தாண்டன்று அறிவித்தார்கள், தனுஷ் நாயகன், 2024-ல் வெளியீடு என்று. அந்த வருஷம் படம் வரவில்லை. ரசிகர்கள் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். நான் கேட்கமாட்டேன். முத்து சோழ இளவரசனைத் தூக்கிக்கொண்டு தப்பிக்கிறான், அங்கே படம் நிற்கிறது. பையன் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தானா என்பதை ஊர் ஊராகப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

டீக்கடைக்காரர் இதற்கு ஒப்பவில்லை. ரெண்டாம் பாகம் கட்டாயம் வரவேண்டுமாம், அதுவும் பாண்டியன் பக்கத்துக் கதையாக. சிலை போன ராத்திரி மதுரையில் என்ன நடந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

(தொடரும்)