குடிக்கூலிச் சீட்டு

வாடகைக்குக் குடிக்கூலி என்றொரு பெயர் தமிழில் உண்டு. குடியிருப்பதற்காகக் கொடுக்கும் கூலி அது. கூலி வாங்கியே வாழ்ந்த எம் மலையகத்தார்க்கு, கூலி கொடுத்துக் குடியிருக்கும் வழக்கம் நெடுங்காலம் அயலானதாகவே இருந்தது.

நானுஓயாவை அடுத்த தோட்டமொன்றின் லயத்திலே நான் பிறந்தேன். ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பராவில் எழுவர் வாழ்ந்தோம். வாடகை கிடையாது. வாடகையில்லா வீடு பெரும்பேறு அன்றோ எனக் கொழும்பு நண்பர்கள் என்னைக் கேட்டதுண்டு. வாடகை கொடாதவன் சட்டத்தின் கண்ணில் வாடகைக் குடியிருப்பாளனும் ஆகான் என்பதே அப்பேற்றின் மறுபக்கம். தோட்டத்தில் உழைக்கும் கை ஒன்று உள்ளவரை வீடு உண்டு. அக்கை ஓய்ந்தால் வீடும் ஐயத்துக்குரியதாகிவிடும்.

இதனை நாட்டின் சட்ட வரலாற்றோடு வைத்து நோக்குதல் தகும். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போர்க்குக் காவலாக எழுந்தது. 1973இல் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் ஒருபடி மேலே சென்று, வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை அவற்றில் வாடகைக்கு இருந்தவர்களே வாங்கிக்கொள்ள வழி செய்தது. கொழும்பில் வாடகைக்கு இருந்தோர் பலர் வீட்டுக்காரர் ஆயினர். அதே காலத்தில், 1972இலும் 1975இலும், காணிச் சீர்திருத்தத்தால் தேயிலைத் தோட்டங்கள் அரசின் வசமாயின. தோட்டத்தின் உடைமையாளர் மாறினர். காம்பராவில் இருந்தவர் நிலை மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்குக் கொழும்பில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அறை தேட என்னையும் துணைக்கு அழைத்தான். 1885 முதல் நானுஓயாவைத் தலைநகரோடு இணைத்த இருப்புப் பாதையில் ஒரு பகற்பொழுது பயணம் செய்து இறங்கினோம். இரண்டு நாள் அலைந்தபின் வெள்ளவத்தையில் ஒரு மாடியறை அமைந்தது. ஆறு மாத முற்பணம் கேட்டார் வீட்டுக்கார அம்மையார். பின்பு ஒரு தாளை நீட்டி, “தம்பி, நிரந்தர விலாசத்தை வடிவாய் எழுதுங்கோ, பொலிசிலை பதிய வேணும்” என்றார்.

அவன் பேனாவைப் பிடித்தபடி என்னை நோக்கினான். “ஐயா, எங்க லயத்துக்கு நம்பர் இல்லையே. கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வரும்?” என்றான். தோட்டத்தின் பெயரையே எழுதச் சொன்னேன்.

அம்மையாரின் அச்சத்தை நான் குறைகூறேன். 2007 ஜூன் 7ஆம் நாள் விடியலில், கொழும்பு விடுதிகளில் வாடகை செலுத்தித் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர், தலைநகரில் இருக்கத் தக்க காரணம் இல்லையெனப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பிரதமரும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஆயினும் அந்த விடியலை நகரத் தமிழர் எளிதில் மறப்பரோ?

ஒப்பந்தத்தில் அவன் பெயர் எழுதப்பட்டது. முதல் மாதச் சீட்டை அவன் இருமுறை படித்தான். அவன் குடும்பத்தில் ஒருவர் பெயரும் ஒரு வீட்டின் இலக்கமும் ஒரே தாளில் சேர்ந்தது அதுவே முதன்முறை.

திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில், உயிர் ஒதுங்கியிருக்கும் உடம்பைத் ‘துச்சில்’ என்கிறார். நிலையாகப் புகுந்திருக்கும் இல்லத்துக்கு அவர் ஆளும் சொல் ‘புக்கில்’. அக்குறளை உடம்புக்கும் உயிருக்கும் உவமையாகவே வகுப்பில் பல்லாண்டு விளக்கி வந்தேன். அன்றுதான் அதனை வீடு பற்றிய பாடமாகவும் உணர்ந்தேன். தலைமுறை தலைமுறையாய் இருந்த காம்பரா துச்சிலாகவும், இரண்டு நாளில் கிடைத்த மாடியறை அதனினும் உறுதியுடையதாகவும் இருப்பது என்ன முறை?

விடுமுறைக்கு வந்தபோது அச்சீட்டைத் தாயிடம் கொடுத்தான். பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த தகரப் பெட்டியில் அதனையும் மடித்து வைத்தார் அவர். ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் என்ற பேச்சை மலையகம் பல காலம் கேட்டுவிட்டது. காணியுறுதி ஒன்று அப்பெட்டிக்குள் சேரும் நாளிலேதான் அத்தாய் தம் வீட்டில் இருப்பவர் ஆவார்.