சர்வர் தொகுதியில் மூன்றாவது வாக்கு

பஞ்சாயத்துகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் குறிப்பிட்ட அளவு உறுப்பினர் வந்திருந்தாலன்றித் தீர்மானம் நிறைவேற்றலாகாது. அவ்வளவுக்குக் ‘கோரம்’ என்று பெயர். ‘கிளஸ்டர்’ எனப்படும் சர்வர் தொகுதிகளுக்கும் இவ்விதி இன்றியமையாததாகும்.

இரண்டு சர்வர்கள் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளைப் பேணுவதாகக் கொள்வோம். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பணியை ஏற்க வேண்டும். இதன்பொருட்டு அவை ஒன்றின் நிலையை மற்றொன்று இடைவிடாது விசாரித்துக்கொள்கின்றன. சர்வர்கள் நலமாயிருக்க, இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்துவிடின் யாது நேரும்? மற்றது நின்றுவிட்டதென ஒவ்வொன்றும் கருதி, இரண்டும் ஒரே டிஸ்கில் தனித்தனியே எழுத முற்படும். பதிவேடுகள் சீர்செய்ய இயலாதவாறு கெட்டுவிடக்கூடும்.

இத்தீங்கைத் தடுப்பது வாக்கு முறை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு உண்டு. பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற பிரிவே பணிபுரியும். மற்றது தானே நின்றுவிடும். ஆனால் இரண்டே சர்வர்கள் பிரியுங்கால் எதற்கும் பெரும்பான்மை இராது. ஆகவே இரண்டும் அணுகக்கூடிய சிறு டிஸ்க் ஒன்றுக்கு மூன்றாவது வாக்கு அளிக்கப்படுகிறது. அதனைத் தன்வசப்படுத்திய சர்வர் இரு வாக்குகளுடன் தொடர்ந்து இயங்கும். டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1983-இல் அறிவித்த வாக்ஸ் கிளஸ்டர் முறையிலும் இத்தகைய கோரம் டிஸ்க் இடம்பெற்றது.

விண்டோஸ் சர்வரில் இதனை அமைப்போர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. டிஸ்கின் கொள்ளளவு குறைந்தது 512 மெகாபைட் இருத்தல் வேண்டும். தொகுதியின் அமைப்பு விவரங்களின் நகலும் அதில் தங்கும். வேறு கோப்புகளை அதில் வைத்தலாகாது.

2. மொத்த வாக்குகள் ஒற்றைப்படையாக இருத்தல் நலம். மூன்று சர்வர்கள் இருப்பின் ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் பெரும்பான்மையாகும்.

3. சர்வர்கள் இரு ஊர்களில் இருப்பின் மூன்றாவது வாக்கை வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். ஒரு சர்வருடன் அதனையும் வைத்தால், அவ்விடத்தில் மின்சாரம் தடைப்படும்போது இரு வாக்குகளும் ஒருங்கே மறையும். இத்தகைய அமைப்புக்கு டிஸ்கிற்குப் பதிலாக வேறொரு சர்வரிலுள்ள பொதுக் கோப்புறை ஏற்றது. விண்டோஸ் சர்வர் 2016 முதல் இணையவழிச் சேமிப்பிடத்தையும் பயன்படுத்தலாம்.

4. தொகுதியைப் பணியில் ஈடுபடுத்துமுன் சர்வர்களின் இணைப்பைத் துண்டித்துச் சோதித்தல் வேண்டும். ஒரு சர்வர் மட்டுமே பணியைத் தொடருமாயின் ஏற்பாடு செவ்வையானது.

பெரும்பான்மை இழந்த சர்வர் நின்றுவிடுதல் குறையன்று, அதுவே காப்பு. நின்ற பணியை மீண்டும் தொடங்கலாம். சிதைந்த பதிவேட்டை மீட்டல் அரிது.