ரீகால் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். வண்டி உங்களிடம் இருக்கும்!

விதை மூட்டையில் கட்டியிருக்கும் அட்டையில் குவியல் எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முளைப்புத்திறன் குறைவு என்று தெரிந்தால், விதை ஆய்வாளர் அந்தக் குவியலை மட்டும் விற்கக் கூடாது என்று நிறுத்தி வைப்பார். அந்த ரகமே மோசம் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தக் குவியலில் கோளாறு, அவ்வளவுதான்.

நாம் ஓட்டும் காருக்கும், பிக்கப்புக்கும், பைக்குக்கும் இதே கணக்குத்தான். குறிப்பிட்ட நாட்களில் தயாரான வண்டிகளில் ஒரு பாகம் சரியில்லை, அதனால் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தால், கம்பெனி அந்த வண்டிகளை மட்டும் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தரும். இதைத்தான் 'ரீகால்' என்கிறார்கள்.

நம் வண்டிகளுக்கும் நடந்திருக்கிறது

ஏதோ பெரிய சொகுசுக் கார் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2021-ல் மஹிந்திரா 29,878 பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை தயாரானவை அவை. ஒரு திரவக் குழாய் சரியாகப் பொருத்தப்படவில்லையோ என்ற சந்தேகம்தான் காரணம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப்போவதும் இந்த மாதிரி வண்டிகள்தானே!

2023 ஜூலையில் மாருதி சுசூகி 87,599 ஈக்கோ, எஸ்-பிரஸ்ஸோ வண்டிகளை அழைத்தது. ஸ்டியரிங் டை ராடில் கோளாறு. அபூர்வமாக அது உடைந்தால் ஸ்டியரிங் பிடிக்குள் நிற்காது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு 2,36,966 பைக்குகளை அழைத்தது, இக்னிஷன் காயிலைச் சோதிப்பதற்காக. அதில் 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே காயில் மாற்ற வேண்டி வரும் என்று கம்பெனியே சொன்னது. ஆனால் அந்தப் பத்தில் ஒன்று நம் வண்டியா என்பது சோதித்தால்தான் தெரியும்.

வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று விடுவதும் தவறு. ஜப்பானின் டகாடா கம்பெனி தயாரித்த ஏர்பேக்குகளைக் காற்றால் நிரப்பும் கருவியில் அமோனியம் நைட்ரேட் இருந்தது. உரத்தில் பயன்படும் அதே பொருள்தான். ஈரம் பட்டால் அது என்ன ஆகும் என்பது உர மூட்டை அடுக்கிய நமக்குத் தெரியும். வெயிலும் ஈரக்காற்றும் பல ஆண்டுகள் பட்டதில் அது கெட்டு, விபத்து நேரத்தில் கருவியே வெடித்து இரும்புத் துண்டுகள் பாய்ந்தன. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜனவரியில் ஹோண்டா இந்தியாவில் மட்டும், 2012-ல் தயாரான 41,580 கார்களை அழைத்தது. ஐந்து ஆண்டு ஓடிய கார்கள் அவை. வெளியில் பார்த்தால் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

தகவல் ஏன் நமக்கு வருவதில்லை?

ரீகால் தகவல் கம்பெனியின் பதிவில் இருக்கும் முகவரிக்கும் போன் நம்பருக்கும்தான் போகும். நம் ஊர்ப்பக்கம் ஓடும் வண்டிகளில் எத்தனை இரண்டாம் கை, மூன்றாம் கை! கோயம்புத்தூரில் முதலில் வாங்கியவருக்குக் கடிதம் போகும். வண்டி நிலக்கோட்டையில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும். சில வண்டிகளுக்குப் பதிவில் இருப்பது புரோக்கரின் போன் நம்பர். இன்னும் சிலர் ஆர்.சி. புத்தகத்தில் பெயரே மாற்றியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இலவச சர்வீஸ் முடிந்ததும், செலவுக்குப் பயந்து உள்ளூர் மெக்கானிக்கிடம் போய்விடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் ரீகால் பாக்கி இருக்கிறதா என்பதைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர்தான் காட்டும். இலவசப் பாகமும் அங்கேதான் கிடைக்கும்.

'சர்வீஸ் புல்லட்டின்' என்றால்?

ஆபத்து இல்லாத, ஆனால் பல வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் உண்டு. கியர் இறுக்கம், ஏதோ ஒரு சத்தம், பேட்டரி சீக்கிரம் இறங்குவது போன்றவை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனி தன் டீலர்களுக்கு எழுதி அனுப்பும் தொழில்நுட்பக் குறிப்புதான் சர்வீஸ் புல்லட்டின். இது மெக்கானிக்குக்கான குறிப்பு. நமக்குத் தபாலில் வராது. பெரும்பாலும் வாரண்டி இருக்கும்வரைதான் இந்த வேலை இலவசம்.

"இந்த மாடலே இப்படித்தாங்க" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். "அப்படியென்றால் கம்பெனி இதற்கு ஏதாவது புல்லட்டின் அனுப்பியிருக்கிறதா?" என்று கேளுங்கள். சரிசெய்து தராவிட்டாலும், உங்கள் புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாரண்டி முடிந்தபின் அதே கோளாறு பெரிதானால், அந்தக் காகிதம்தான் பேசும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 முதல் கார் கம்பெனிகள் தாமாக முன்வந்து ரீகால் செய்துவந்தன. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 110ஏ பிரிவின்கீழ், ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். அரசு உத்தரவிட்டுத் திரும்பப் பெற வைத்தால், கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. வண்டி உரிமையாளர்கள் வாகன் இணையதளத்தில் புகார் செய்யலாம். ஒரே மாடலுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால்தான் விசாரணை தொடங்கும். ஆகவே நம் ஒரு புகாரும் கணக்கில் சேரும்.

டிராக்டர், பவர் டில்லர் உள்பட எந்த இயந்திரத்திலும் தயாரிப்புக் குறை இருந்து, டீலர் கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய வண்டி என்றால் நீங்களும் நுகர்வோர்தான். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். முடியாதவர்கள் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, "இந்த வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டாலே போதும்.

2. ரீகால் இருந்தால், பாகம் கையிருப்பில் உள்ளதா என்று கேட்டு, நாள் வாங்கிக்கொண்டு போங்கள். பூ சீசனில் வண்டியை வீணாக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் 'ஓட்டவே வேண்டாம்' என்று கம்பெனி சொல்லியிருந்தால், ஒரு நடைகூடப் போகாதீர்கள்.

3. ரீகால் வேலைக்குப் பாகமும் கூலியும் இலவசம். வேறு வேலை சேர்த்தால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ரீகால் என்று சொல்லிப் போனில் பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால், அது மோசடி.

4. பழைய வண்டி வாங்கினால் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் பெயர் மாற்றுங்கள். கம்பெனி பதிவிலும் உங்கள் போன் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

5. பழைய வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே சேசிஸ் எண்ணைச் சோதியுங்கள். பாக்கி இருந்தால், அதை முடித்துத் தரச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள்.

வண்டிக் கோளாறு பற்றிக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுபவர்கள், மாடல், தயாரிப்பு மாதம், கோளாறு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். சேசிஸ் எண்ணும் போன் நம்பரும் உங்களிடமே இருக்கட்டும்.