முதுகுன்றத்திலிருந்து கடல் வரை, மண்பாதையில்

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். பெயரில்தான் குன்று, ஊரில் தேடினால் கிடைக்காது. மலை மேற்கே இருக்கு, கல்வராயன். அங்கிருந்து வரும் மணிமுக்தாறு ஊரைத் தொட்டுக்கொண்டு போய், கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. லாரிக்குப் பயந்தவர்கள் நெடுஞ்சாலையை விட்டு, இந்த ஆற்றின் போக்கில் கிடைக்கிற கரைப்பாதை, வாய்க்கால் பாதைகளைப் பிடிக்கலாம்.

கிராவல் பைக் வாங்கணுமா? அதன் விசேஷமே சுமார் 40 மி.மீ. அகல டயரும் குறைந்த காற்றும்தான். டயர் சரளைமேல் துள்ளாமல் அமுங்கிப் போகும். தாத்தா காலத்து சைக்கிளின் 28 x 1½ டயரும் அதே 40 மி.மீ.தான்! கியர் இல்லை, சரி. சமவெளியில் அது பெரிய குறையில்லை.

மழை விட்ட மறுநாள் மட்டும் போகாதீங்க. களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள். இடையில் நீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் பிரியாது. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பிசைந்த மண் வளைந்து கொடுப்பதும், கொடுத்த வடிவத்தில் நிற்பதும் அதனால்தான். களி கலந்த பாதையில் அதே குணம் டயரை வழுக்கிவிடும், மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். வழுக்கினால் பக்கத்தில் ஆறு. மட்கார்டைக் கழற்றினால் பாதி தொல்லை குறையும்; தை வரை பொறுத்தால் அதுவும் வேண்டாம்.