கறுப்பு வெள்ளைப் படத்தில் வர்ணம் புகுவது ஏன்?

வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டியில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்ப்போர் சில வேளைகளில் ஒரு விந்தையைக் காண்பதுண்டு. 1952ஆம் ஆண்டில் வெளிவந்த 'பராசக்தி' போன்ற படங்களில் வர்ணம் என்பதே கிடையாது. எனினும், நெருங்கிய கோடுகள் போட்ட சட்டையுடன் ஒருவர் தோன்றினால், அச்சட்டையில் மட்டும் நீலமும் மஞ்சளும் மின்னி மறையும்.

சப்ரகமுவத் தோட்டங்களில் இத்தகைய பெட்டிகளை இன்னும் பேணி வைத்திருக்கும் குடும்பங்கள், "பெட்டி பழுதாகிவிட்டது" என்று கருதி, அதனைப் பஸ்ஸில் ஏற்றி இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ கொண்டு செல்ல முற்படலாம். நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைச் செலவிடுமுன், குற்றம் பெட்டியிலா அல்லது வரும் அலையிலா என்று அறிந்துகொள்வது நலமன்றோ?

இலங்கையில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டில் தொடங்கியது. ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ஆரம்பமாகி, பீதுருதாலகால மலையுச்சியிலிருந்து வர்ணத்தில் ஒளிபரப்பியது. ஆனால் அந்நாளில் மின்சாரம் எட்டாத இடங்களில் கார் பட்டரியில் இயங்கிய சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே பல வீடுகளில் இருந்தன. அவற்றிலும் அதே நிகழ்ச்சிகள் தெளிவாகத் தெரிந்தன. வர்ணப் பெட்டி வாங்க வசதியற்றோர் ஒதுக்கப்படவில்லை.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டில் வர்ண ஒளிபரப்பு முறை வகுக்கப்பட்டபோது, மக்களிடம் ஏற்கெனவே இருந்த பெட்டிகள் பயனற்றுப் போகக்கூடாது என்பது முக்கிய நிபந்தனையாயிற்று. ஜெர்மனியில் வால்டர் புரூக் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய 'பால்' முறையும் அவ்வழியையே பின்பற்றியது. நம் நாடு ஏற்றுக்கொண்டது இம்முறையையே.

படத்தின் ஒளியும் நிழலும் ஓர் அலையாக வருகின்றன. வர்ணச் செய்தியோ, வினாடிக்கு 44 இலட்சத்துக்குச் சற்று அதிகமான தடவை அதிரும் வேறோர் அலையில் ஏறி, முதல் அலையின் இடைவெளிகளிலேயே நுழைக்கப்படுகிறது. பெட்டி இரண்டையும் சலித்துப் பிரிக்க வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையின் சல்லடையை நினைத்துப் பாருங்கள். அது தூளை அளவு பார்த்தே பிரிக்கிறது. தூளின் அளவிலேயே நார் இருந்தால், நாரும் தூளோடு விழுந்துவிடும். பழைய பெட்டியின் சல்லடையும் அதிர்வின் வேகத்தையே பார்க்கிறது. திரையின் குறுக்கே ஏறக்குறைய 230 கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சோடிகள் அடங்குமளவு ஓர் உருவம் நெருங்கியிருந்தால், அதன் அதிர்வு வர்ண அலையின் அதிர்வுக்குச் சமமாகிறது. இருபது அங்குலத் திரையில் அத்தகைய ஒரு சோடியின் அகலம் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவே. சட்டைக் கோட்டினை வர்ணமென்று பெட்டி எண்ணி ஏமாறுவது இவ்வாறுதான்.

வர்ணமற்ற ஒளிபரப்பை அறிந்து வர்ணப் பகுதியை மூடிவிடும் ஏற்பாடு பெட்டியில் உண்டு. ஆயின் வர்ண நிலையம் பழைய படத்தை ஒளிபரப்பும்போதும் வர்ண அடையாள அலை கூடவே வருமானால், அவ்வேற்பாடு செயற்படாது.

வேறு காரணங்களும் உள. கண்ணாடிக் குழாயுள்ள வர்ணப் பெட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் உரிய அளவில் கலந்தே வெண்மையாகின்றன. குழாய் முதுமையடைந்து அவ்வளவு பிசகினால், படம் முழுவதும் ஒரு சாயல் படரும். ஒலிபெருக்கியின் காந்தம் அருகிலிருந்தால், திரையின் ஒரு மூலையில் நிலையான கறை தோன்றும்.

இவற்றை வேறுபடுத்த எளிய சோதனை ஒன்றுண்டு. வர்ணத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையை முற்றாகக் குறைத்துவிடுங்கள். வர்ணம் மறைந்தால் அது அலையோடு வந்தது, திருத்துவோர் தேவையில்லை. மூலையில் கறை எஞ்சினால், ஒலிபெருக்கியை அப்பால் நகர்த்துங்கள். பின்னர் பெட்டியை அரை மணி நேரம் அணைத்து வைத்து மீண்டும் இயக்குங்கள். காந்தத்தை நீக்கும் சுருள் உள்ளேயே இருப்பதால், சில தடவைகளில் கறை அகலக்கூடும். படம் முழுவதும் சாயல் எஞ்சினால் மட்டும் திருத்துவோரை நாடுங்கள். மாணவர்கள் எக்காரணம் கொண்டும் பின்மூடியைக் கழற்றலாகாது. அணைத்த பின்னரும் அங்கே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒளியும் வர்ணமும் தனித்தனியே குறிக்கப்படுவதால் இக்குழப்பம் எழுவதில்லை. கோட்டுச் சட்டையில் மின்னும் அந்தப் பொய் வர்ணம், வசதியுள்ளோரும் வசதியற்றோரும் ஒரே ஒளிபரப்பைப் பகிர்ந்துகொள்வதற்காகக் கொடுக்கப்பட்ட சிறு விலையாகும். அவ்விலை அதிகமன்று என்றே நாம் கருதுகிறோம்.