காசு கொடுத்த பிறகும் காசா?

ஊட்டி காந்தலில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். கையில் செல்போன். அதில் விளையாட்டு. விளையாட்டு இலவசம்! ஆனால் நல்ல துப்பாக்கி வேண்டுமா? காசு. புதுச் சட்டை வேண்டுமா? அதற்கும் காசு. கரைவது அப்பாவின் பணம்.

இந்த வழக்கத்தை எதிர்த்து, 2017 நவம்பரில் உலகெங்கும் ரசிகர்கள் போர்க்கொடி தூக்கினார்கள்.

அமெரிக்காவின் 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' கம்பெனி, 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்பிரண்ட் 2' என்ற விளையாட்டை வெளியிட இருந்தது. விலை 60 டாலர். அதைக் கொடுத்து வாங்கியவரும், கதையின் பெரிய வில்லன் டார்த் வேடராக உடனே ஆட முடியாது. 60 ஆயிரம் புள்ளி சேர்க்கவேண்டும். அதற்கு 40 மணி நேரம் ஆகும் என்று ஒரு ரசிகர் கணக்குப் போட்டார்.

பொறுமை இல்லையா? காசு கொடுத்து மர்மப் பெட்டி வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும்? திறந்தால்தான் தெரியும்! தமிழ்நாட்டில் 2003-ல் ஒழிக்கப்பட்ட லாட்டரிச் சீட்டு மாதிரிதான்.

ரசிகர்கள் கொதித்தார்கள். பாடுபட்டுப் பெற்றால்தான் பெருமை என்று கம்பெனி சமாதானம் சொன்னது. காசு வாங்குகிறவர் சொல்லும் பேச்சா இது? அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு ஓட்டுகள் விழுந்தன. கின்னஸ் சாதனைப் பட்டியலிலும் ஏறிவிட்டது!

கம்பெனி இறங்கி வந்தது. 60 ஆயிரம் புள்ளியை 15 ஆயிரமாகக் குறைத்தது. ரசிகர்கள் விடவில்லை. விற்பனைக்கு முந்தின நாள், விளையாட்டுக்குள் காசு வாங்குவதையே நிறுத்தி வைத்தது.

2018-ல் பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள், வேறு சில விளையாட்டுகளில் இருந்த மர்மப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டார்கள்.

செல்போனில் எது வாங்கினாலும் ரகசியச் சொல் கேட்கும்படி வைக்க வசதி உண்டு. அதை அப்பா வைத்திருக்கட்டும். பிள்ளைக்குச் சொல்லவேண்டாம்!