பழைய மீடியம் ஃபார்மட் ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா வாங்குதல்

120 வகை ஃபிலிமைப் பயன்படுத்தும் கேமராக்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் மீடியம் ஃபார்மட். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கும், தாள் ஃபிலிம் இடும் பெரிய கேமராவுக்கும் இடைப்பட்ட அளவு என்பதால் இந்தப் பெயர் வந்தது. ஏறத்தாழ 61 மி.மீ. அகலமுள்ள இந்த ஃபிலிமைக் கோடாக் நிறுவனம் 1901-இல் அறிமுகப்படுத்தியது. இன்றும் அது தயாரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களில் 'ஒன் ட்வென்டி' என்ற பெயரில் நெடுங்காலம் ஓடியதும் இதே ஃபிலிம்தான்.

அந்தக் கேமராக்களில் ஃபோகஸ் செய்வது கையால். பொத்தானை அழுத்தினால் தானே ஃபோகஸ் செய்துகொள்ளும் மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமராக்கள் 1990-களின் நடுவில்தான் கடைக்கு வந்தன. பத்தாண்டுகளுக்குள் டிஜிட்டல் வந்து அவற்றின் சந்தையை எடுத்துக்கொண்டது. இன்று அத்தகைய கேமராவைப் புதிதாகத் தயாரிக்கும் நிறுவனம் எதுவும் இல்லை. எனவே வாங்குவது என்றாலே பழையதை வாங்குவதுதான். விலை கணிசமானது, உள்ளே இருப்பதோ இருபது, இருபத்தைந்து ஆண்டு வயதான மின்சுற்றுகள். ஒரு மாணவரின் ஓராண்டுச் சேமிப்பு ஒரே நாளில் எடைக்கற்களாக மாறிவிடக்கூடும்.

ஏன் இந்த அளவு?

இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை 645 என்ற சட்ட அளவைக் கொண்டவை. பெயரளவில் 6 × 4.5 செ.மீ., உண்மையில் ஏறத்தாழ 56 × 41.5 மி.மீ. 35 மி.மீ. ஃபிலிமின் 36 × 24 மி.மீ. சட்டத்தோடு ஒப்பிட்டால் பரப்பு சுமார் 2.7 மடங்கு. அதனால் ஃபிலிம் மணிகள் குறைவாகத் தெரியும். சாம்பல் நிறப் படிநிலைகள் மென்மையாக இறங்கும். ஒரு 120 சுருளில் 15 அல்லது 16 படங்கள் கிடைக்கும். 36 படங்களுக்குப் பழகியவருக்கு இது சிக்கனத்தைக் கட்டாயமாகவே கற்றுக்கொடுக்கும்.

சந்தையில் உள்ளவை

35 மி.மீ. எஸ்எல்ஆர் உலகில் ஆட்டோஃபோகஸ் 1985-இல் மினோல்ட்டா 7000 வழியாகப் பரவலாயிற்று. மீடியம் ஃபார்மட்டுக்கு அது வந்து சேர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. லென்ஸ் மாற்றக்கூடிய முதல் மீடியம் ஃபார்மட் ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர் 1997-இல் வந்த பென்டாக்ஸ் 645என். அதற்கு முன்பே, 1995-இல், ஃபியூஜி நிறுவனம் லென்ஸ் கழற்ற முடியாத ஜிஏ645 என்ற கேமராவை வெளியிட்டிருந்தது. 1999-இல் மாமியா 645ஏஎஃப், கான்டாக்ஸ் 645 ஆகிய இரண்டும் வந்தன. 2002-இல் ஹாசல்பிளாட் எச்1. இதன் லென்ஸ்களைச் செய்து கொடுத்தது ஃபியூஜி. சதுரச் சட்டம் வேண்டுவோருக்கு ரோலைஃப்ளெக்ஸ் 6008 ஏஎஃப் ஒன்று உண்டு. ஆனால் அதன் தனிவகை நிக்கல்-காட்மியம் பேட்டரிக் கட்டுகள் பழசாகிப்போனவை என்பதால், முதல்முறை வாங்குபவர் அதை விட்டுவிடுவது நல்லது.

மாணவர்களுக்கு முதலில் சொல்லத்தக்கது பென்டாக்ஸ் 645என். ஆறு டபுள் ஏ செல்களில் ஓடும். அவை எந்தக் கடையிலும் கிடைக்கும். பொருள்கள் திருகி மாற்றும் வட்டைகளாகவே இருப்பதால் திரை மங்கினாலும் வேகத்தையும் அப்பர்ச்சரையும் வைக்க முடியும். பழைய கைஃபோகஸ் 645 லென்ஸ்களும் இதில் பொருந்தும். ஃபோகஸ் சரியானதும் காட்சிச் சட்டத்தில் குறி தெரியும். படம் எடுத்த ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் முதலிய விவரங்களை ஃபிலிமின் ஓரத்தில் அச்சிட்டும் கொடுக்கும். பாடம் கற்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. குறைகளும் உண்டு. ஷட்டரின் உச்ச வேகம் நொடியில் 1/1000 தான். ஃபிளாஷ் இசைவு வேகம் 1/60. ஒரு சுருள் முடியும்முன் வேறு சுருளுக்கு மாற்றிக்கொள்ளும் வகையில் பின்பெட்டி கழலாது. 2001-இல் வந்த 645என்2-இல் கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் வசதி சேர்ந்தது. முக்காலியில் வைத்து நிலக்காட்சி எடுப்பவரைத் தவிர மற்றவர்கள் அதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

மாமியாவில் வேகம் 1/4000 வரை போகும். ஃபிலிம் பின்பெட்டியைச் சுருளின் நடுவிலேயே கழற்றலாம். இதுவும் டபுள் ஏ செல்களில் ஓடுவதே. இதன் பிடியில் உள்ள ரப்பர் காலப்போக்கில் பிசுபிசுப்பாவது பல பிரதிகளில் காணப்படுகிறது. அது அருவருப்பே தவிர ஆபத்து அல்ல.

கான்டாக்ஸ் 645 பற்றிச் சற்று எச்சரிக்கையாகவே எழுத வேண்டியுள்ளது. அதன் கார்ல் சைஸ் பிளானர் 80 மி.மீ. எஃப் 2 லென்ஸ் தரும் பின்னணி மங்கலுக்காகத் திருமண ஒளிப்படக்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள், விலை ஏறியது. ஆனால் கியோசெரா நிறுவனம் கான்டாக்ஸ் கேமராத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது 2005-இல். மின்பலகை பழுதானால், வேறொரு செத்த கான்டாக்ஸின் உறுப்பை எடுத்துப் பொருத்துவதுதான் பெரும்பாலும் வழி. இழந்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய பணம் என்றால் மட்டுமே வாங்கலாம். இன்னொன்று: இந்த வரிசையின் 120 மி.மீ. மேக்ரோ லென்ஸ் கைஃபோகஸ் மட்டுமே உடையது. ஆட்டோஃபோகஸ் கேமராவின் லென்ஸ் எல்லாமே ஆட்டோஃபோகஸ்தான் என்று எண்ணி வாங்கி ஏமாறக்கூடாது.

ஹாசல்பிளாட் எச் வரிசையில் ஷட்டர் கேமராவில் இல்லை, ஒவ்வொரு லென்ஸிலும் உள்ளது. அதனால் எந்த வேகத்திலும் ஃபிளாஷ் இசையும். உச்ச வேகம் 1/800. அதே காரணத்தால், இரண்டு லென்ஸ் வாங்கினால் இரண்டு ஷட்டர்களைச் சோதிக்க வேண்டும்.

ஃபியூஜி ஜிஏ645 பைக்குள் அடங்கும். நேராகப் பிடித்தால் படம் நெடுக்கையாக விழும் என்பது பழகும்வரை வேடிக்கையாக இருக்கும். இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஆகவே ஃபோகஸ் தவறியிருந்தாலும் காட்சிச் சட்டத்தில் எல்லாம் தெளிவாகவே தெரியும். காட்சிச் சட்டத்தில் அது காட்டும் தூரத்தை அளவு நாடாவால் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய சோதனை.

220 என்ற கண்ணி

விற்பனைப் படங்களில் பலரும் கவனிக்கத் தவறுவது ஃபிலிம் செருகி. 120 ஃபிலிமுக்கு முழு நீளத்துக்கும் பின்தாள் உண்டு. 220 என்பது அதே அகலம், இருமடங்கு நீளம். ஃபிலிமின் பின்னால் தாள் இல்லை, முன்னும் பின்னும் மட்டுமே தாள். தடிமன் வேறுபடுவதால் அழுத்தத் தட்டின் அமைப்பும் வேறுபடும். பெரிய நிறுவனங்கள் 220 தயாரிப்பை நிறுத்திவிட்டன. பென்டாக்ஸ் 645என்னுக்கு 120, 220 இரண்டுக்கும் தனித்தனிச் செருகிகள் உண்டு. விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிய கேமராவோடு வந்தது 220 செருகி என்றால், 120 செருகியைத் தனியே தேடி வாங்க வேண்டும். கான்டாக்ஸிலும் 220-க்கு மட்டுமான வெற்றிட உறிஞ்சல் செருகி ஒன்று உண்டு. மாமியாவின் பின்பெட்டியில் தட்டைத் திருப்பி இரண்டுக்கும் பயன்படுத்தலாம். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'செருகியில் எந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது?' என்பதே.

நேரில் பார்க்கும்போது

செல் இடும் அறையைத் திறந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். செல் கசிந்த தடம் இருந்தால், அது கம்பி வழியே உள்ளேயும் போயிருக்கலாம். புதிய செல்களை நீங்களே கொண்டுபோவது நல்லது. வலுக்குறைந்த செல் நல்ல கேமராவையும் கெட்டதாகக் காட்டும்.

லென்ஸைக் கழற்றி அப்பர்ச்சரை முழுதும் திறந்து, கைவிளக்கை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. பால் தடவியது போன்ற மங்கல், ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒட்டுப் பிரிதல் ஆகியவையும் இந்த வெளிச்சத்தில்தான் தெரியும். சில தூசுத் துகள்களால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஆட்டோஃபோகஸை அருகிலும் தொலைவிலுமாக மாறி மாறி இருபது முறையாவது ஓட்டிப் பாருங்கள். சில இயந்திரங்கள் சூடான பிறகே தடுமாறத் தொடங்கும். வெறும் சுவரில் ஃபோகஸ் தேடித் தவிப்பது குறையல்ல. இந்தத் தலைமுறைக் கேமராக்கள் எல்லாமே அப்படித்தான். பென்டாக்ஸ் 645என்னில் இருப்பது மூன்று ஃபோகஸ் புள்ளிகள் மட்டும். இன்றைய கைப்பேசியின் வேகத்தை எதிர்பார்ப்பவர் கைஃபோகஸ் கேமராவோடு நின்றுவிடலாம், மலிவாகவும் முடியும்.

திரை ஷட்டர் உள்ளவற்றில் பின்புறம் திறந்து ஒரு நொடி, அரை நொடி வேகங்களில் அழுத்திக் காதால் கேளுங்கள். திரையை விரலால் தொடவே கூடாது.

தொலைவிலிருந்து வாங்கும்போது

இக்கேமராக்களில் பெரும்பாலானவை ஜப்பானில் செய்யப்பட்டவை. பழையவற்றில் பெரும்பகுதி ஜப்பானியக் கடைகளிலிருந்தே இணையவழி விற்பனைக்கு வருகிறது. அங்கே 'ஜங்க்' என்று குறித்தால், சோதிக்கப்படாதது அல்லது பழுதானது, உத்தரவாதம் இல்லை என்று பொருள். 'மின்ட்', 'நியர் மின்ட்' போன்ற தரக்குறிகள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தைச் சொல்பவை. 'படத்தைப் பாதிக்காத சிறு மங்கல்' என்று எழுதியிருந்தால், பாதிக்கும் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். 'ஃபிலிம் இட்டுச் சோதிக்கப்பட்டது' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 'ஷட்டர் இயங்குகிறது' என்பது அதற்கு ஈடாகாது.

இந்தியாவுக்கு வரவழைப்பவர் சுங்க வரியையும் கூரியர் கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். திருப்பி அனுப்பும் உரிமை இருந்தாலும் அதற்கு நாள் கணக்கு உண்டு. ஃபிலிமை வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பிக் கழுவி வாங்குவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடலாம். அதனால் சோதனைச் சுருளுக்கு 120 அளவு கருப்பு-வெள்ளை ஃபிலிமே ஏற்றது. கழுவும் தொட்டியும் ரசாயனமும் இருந்தால் வீட்டிலேயே அன்று மாலையே நெகட்டிவைப் பார்த்துவிடலாம்.

சோதனைச் சுருள்

நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில், ஒரே சுவரை 1/125 நொடி எஃப் 16, 1/250 எஃப் 11, 1/500 எஃப் 8, 1/1000 எஃப் 5.6 என்று நான்கு படம் எடுங்கள். நான்கிலும் விழும் ஒளி ஒன்றே. நெகட்டிவ்கள் ஒரே அடர்த்தியில் இருந்தால் ஷட்டர் சரி. வேகம் கூடக்கூட அடர்த்தியும் கூடினால், ஷட்டர் சொன்னதைவிட மெதுவாக ஓடுகிறது. 1/1000 படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை.

அடுத்து ஃபோகஸ். ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, நடுவரியில் குறியிட்டு, அப்பர்ச்சரை முழுதும் திறந்து ஒன்றரை மீட்டரிலிருந்து ஆட்டோஃபோகஸில் மூன்று படம். பிறகு அதே இடத்தைக் கையால் ஃபோகஸ் செய்து ஒரு படம். 80 மி.மீ. லென்ஸ் எஃப் 2-இல் இந்தத் தூரத்தில் தரும் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 7 செ.மீ. மட்டுமே, எஃப் 2.8 என்றால் 10 செ.மீ. அளவு. ஆகவே சிறு பிழையும் நெகட்டிவில் வெளிப்படும். ஆட்டோஃபோகஸ் எப்போதும் ஒரே திசையில் தவறுகிறது என்றால் அதைச் சீரமைக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு முறையும் வேறுவேறு இடத்தில் விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தொலைவில் உள்ள கோபுரமோ மரமோ எடுத்து முடிவிலித் தூரத்தையும் பார்த்துவிட வேண்டும்.

நடுவில் ஒரு முறை, ஃபிலிம் உள்ளே இருக்க, கேமராவின் பின்புறம் வெயிலில் படும்படி ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அடுத்த படத்தை எடுங்கள். ஒளி கசிந்தால் நெகட்டிவின் ஓரத்தில் கருமை ஏறியிருக்கும். இது பெரும்பாலும் பொடிந்த நுரை அடைப்பால் வருவது, செலவு குறைவு.

கழுவிய சுருளை முழு நீளத்துக்கும் தொங்கவிட்டுச் சட்டங்களுக்கு இடையிலான வெற்றிடத்தைப் பாருங்கள். இடைவெளி சீராக இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஃபிலிம் சுற்றும் பொறியில் கோளாறு. பின்பெட்டி தனியே கழலும் மாமியா, கான்டாக்ஸ், ஹாசல்பிளாட் போன்றவற்றில் வேறொரு பெட்டி வாங்கிச் சரிசெய்துவிடலாம். பென்டாக்ஸில் செருகியை மாற்றியும் சரியாகவில்லை என்றால் கோளாறு கேமராவின் உள்ளே இருக்கிறது. கெடு முடிவதற்குள் விற்பவருக்கு நெகட்டிவின் படத்தோடு எழுதிவிட வேண்டும்.